உடைகலத்தார் உரை: ஆங்கிலோ-சாக்சன் படகுக் குறிப்பேடு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கடலிடைக் கலம் உடைந்து உயிர் தப்பியோர் வரலாறு உலக இலக்கியங்கள் பலவற்றிலும் பயின்றுவரும் பொருளாகும். காற்றும் அலையும் கலத்தை உடைத்தலையே பழம்புலவர் பெரிதும் பாடினர். இரண்டாம் உலகப் போர் (1939–1945) இப்பொருளுக்குப் புதியதொரு கூறினைச் சேர்த்தது. அப்போரில் வணிகக் கலங்கள் பல மனிதர் கையாலேயே உடைந்தன. படைக்கலம் ஏந்திப் போர்செய்யப் புறப்படாத மாலுமியரும் சமையற்காரரும் பொறியாளரும் நடுக்கடலில் சிறுபடகுகளில் விடப்பட்டனர். அவருட் சிலர் தம் நிலையை எழுதிவைத்தனர். சிலரைப் பற்றிப் பிறர் எழுதினர். இவ்வெழுத்துகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதே வழக்கம். அவற்றை இலக்கியத் திறனாய்வுக்கு உரியனவாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையில் யாம் எழுப்பும் வினா.

இவ்வாய்வுக்கு ஆங்கிலோ-சாக்சன் என்னும் பிரித்தானிய வணிகக் கப்பலின் சிறுபடகில் எழுதப்பெற்ற குறிப்பேட்டை யாம் எடுத்துக்கொள்கின்றோம். மிகச் சில பதிவுகளே உடைய சிற்றேடு அது. எழுதியோர் புலவர் அல்லர். இலக்கியம் படைக்கும் எண்ணமும் அவர்க்கு இல்லை. எனினும் உடைகலத்தார் உரை எத்தகையது, அது யாரை நோக்கி நிற்கின்றது என்பதனை இவ்வேடு தெளிவாகக் காட்டுகின்றது. ஒப்புநோக்கற்கு மணிமேகலையிற் சாதுவன் கதையை ஈண்டு எடுத்துக்காட்டுவோம். காலத்தாலும் இடத்தாலும் நெடுந்தொலைவு பிரிந்து நிற்கும் இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒன்றுகூடுதலைக் கற்போர் காண்பர்.

2. கலமும் படகும்

ஆங்கிலோ-சாக்சன், வேல்சு நாட்டு நியூபோர்ட்டுத் துறையினின்றும் நிலக்கரி ஏற்றி அர்செந்தீனாவுக்குச் சென்ற கப்பல். அதில் இருந்தோர் 41 பேர். 1940 ஆகத்து 21-ஆம் நாள் இரவு, அட்லாண்டிக்குப் பெருங்கடலில் கனேரித் தீவுகளுக்கு மேற்கே நெடுந்தொலைவில், விட்டர் என்னும் செருமானியக் கப்பல் அதனைத் தாக்கியது. விட்டர் வணிகக் கப்பல் போன்ற தோற்றத்தில் பீரங்கிகளை மறைத்து உலவிய மாறுவேடப் போர்க்கலம். குண்டுகள் பின்தளத்துப் பீரங்கியையும் உயிர்காப்புப் படகுகளையும் சிதைத்தன. ஏழு பேர் மட்டும் 18 அடி நீளமுள்ள சிறுபடகொன்றில் இருளில் தப்பினர்.

அவ்வெழுவர், முதன்மைத் துணைத்தலைவர் பாரி டென்னி, மூன்றாம் பொறியாளர், கம்பியில்லாத் தந்தியாளர் பில்ச்சர், பீரங்கி வீரர் பென்னி, சமையற்காரர் ஒருவர், விடிகோம், தாப்சுகாட் என்னும் இளமாலுமியர் இருவர். புண்பட்டோரும் அவருள் இருந்தனர். தந்தியாளரின் கால் நசுங்கியிருந்தது. படகில் இருந்த உணவு, ஒரு பெட்டி உலர் ரொட்டி, பாதியளவே நிறைந்த ஒரு பீப்பாய் நீர், கட்டிப்பால் டப்பிகள் 11, ஆறு இராத்தல் எடையுள்ள ஆட்டிறைச்சித் தகரப்பெட்டிகள் 3 ஆகியவையே. இவ்வளவையும் யாம் அறிவது எழுதியவர் அவற்றை எண்ணி வைத்தமையால் என்பது கருதத்தக்கது.

அக்டோபர் 30-ஆம் நாள் அப்படகு பகாமாத் தீவுகளுள் ஒன்றாகிய எலூத்தெராவின் கரையை அடைந்தது. கடலிற் கழிந்த நாள் 70. கரை சேர்ந்தோர் விடிகோமும் தாப்சுகாட்டும் ஆகிய இருவரே.

3. குறிப்பேட்டின் அமைப்பு

குறிப்பேட்டின் முற்பகுதி டென்னியின் கையெழுத்து. தாக்குதல் நிகழ்ந்த முறை, காற்றின் திசை, படகு செல்லும் போக்கு, நாளொன்றுக்கு அளந்து கொடுத்த நீர், புண்பட்டோர் நிலை என்பன அதில் நிரலே அமைந்துள்ளன. இறையருளாலும் தம் மக்களின் மனவுறுதியாலும் லீவர்டுத் தீவுகளை அடைவோம் என்னும் நம்பிக்கையும் ஓரிடத்தில் வெளிப்படுகின்றது. கப்பற்றலைமை பயின்ற ஒருவர், கப்பல் மூழ்கிய பின்னரும், கப்பலுக்குரிய ஒழுங்கினை 18 அடிப் படகில் நடத்தியமையை இப்பகுதி காட்டும்.

செப்டம்பர் முதல் நாள் பில்ச்சர் இறந்தார். அவர் உடலை அமைதியான வழிபாட்டுடன் கடலுக்கு அளித்த செய்தி மிகச் சில சொற்களில் முடிந்துவிடுகின்றது. மறுநாட் பதிவே இவ்வேட்டின் நடுநாயகம் என்பது எம் கருத்து. அதில் டென்னி, இனி வருங்காலத்தில் உயிர்காப்புப் படகுகளில் என்னென்ன பொருள்கள் வைக்கப்பெறல் வேண்டும் என்று அறிவுரை கூறுகின்றார். ஒவ்வொரு படகிலும் குறைந்தது இரண்டு பீப்பாய் நீர் வேண்டும். தகரத்தில் அடைத்த பழங்கள் வேண்டும். பழச்சாறு வேண்டும் என்று அடுக்கிச் சொல்கின்றார். அதன் பின்னரே தம் படகில் இருந்தவற்றின் பட்டியலைத் தருகின்றார்.

செப்டம்பர் 3-ஆம் நாள் எழுதுவோர் மாறுகின்றார். இதுவரை இவ்வேட்டை எழுதிவந்த துணைத்தலைவர் விரைந்து நலிந்து வருகின்றார் என்று விடிகோம் எழுதுகின்றார். எழுதியவரே எழுதப்படும் பொருளாகிய இவ்விடத்தை ஒத்ததொரு திருப்பத்தைக் கற்பனைப் படைப்புகளிலும் காண்டல் அரிது. அதன்பின் பதிவுகள் குறுகுகின்றன. 4-ஆம் நாள் பென்னி கடலுள் நழுவினார். 5-ஆம் நாள் துணைத்தலைவரும் பொறியாளரும் படகைவிட்டுக் கடலுள் இறங்கினர். 9-ஆம் நாள் சமையற்காரர் சித்தம் கலங்கி இறந்தார். எஞ்சியோர் இருவர் என்னும் கணக்கோடு அப்பதிவு முடிகின்றது. 12-ஆம் நாள் பெருமழை பெய்து ஆறு நாளைக்கு நீர் தந்தது. 20-ஆம் நாள் மீண்டும் மழை. 24-ஆம் நாள் நீரும் ரொட்டியும் தீர்ந்தன. கரை காணும் நம்பிக்கை மட்டும் எஞ்சியது. அத்துடன் ஏடு நின்றுவிடுகின்றது.

செப்டம்பர் 24-க்கும் அக்டோபர் 30-க்கும் இடையே 36 நாள்கள் உள. எழுபது நாட் பயணத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி எழுத்தின்றிக் கிடக்கின்றது. இவ்வெறுமையையும் ஏட்டின் ஒரு பகுதியாகவே கொண்டு படித்தல் வேண்டும். சொல் தளர்ந்த இடத்தில் சொல்லாமையே பொருள் உணர்த்துகின்றது.

4. மெய்ப்பாட்டு நோக்கு

உடைகலச் செய்திகளைக் கேட்போர் முதற்கண் வீரத்தையே நாடுவர். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு எட்டனுள் பெருமிதத்தில் இவ்வேட்டை அடக்கலாகுமோ எனின், அஃது ஆராய்ந்து கூறத்தக்கது. பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கு நிலைக்களன்கள் கூறப்பெறும். தறுகண்மை எதிரே நிற்கும் ஒன்றனை அஞ்சாது பொருதற்கண் தோன்றுவது. படகில் இருந்தோர்க்கு எதிர்நின்று பொருதற்கு எதுவும் இல்லை. பகைவன் போய்விட்டான், கடலோ பகைமை அறியாதது. ஆதலின் தறுகண் என்னும் சொல் ஈண்டுப் பொருந்தி அமையவில்லை.

எட்டு மெய்ப்பாடுகளை அடுத்து, அகத்திற்கும் புறத்திற்கும் பொதுவாகத் தொல்காப்பியர் கூறும் முப்பத்திரண்டனை நோக்குவார்க்கு வேறொரு வழி புலப்படும். துஞ்சல், அரற்று, கனவு, நினைதல், உயிர்ப்பு, கையாறு, இடுக்கண், நடுக்கு என்பன அவற்றுட் சில. அரைத்துயிலும், பிதற்றலும், கனவும், செயலற்றுக் கிடத்தலும், உடல் நடுங்கலுமே சிறுபடகில் நாட்கணக்காகக் கிடப்போரின் வாழ்வு. உடைகல எழுத்து இச்சிறு மெய்ப்பாடுகளின் இலக்கியம் என்பது எம் துணிபு. பெருமிதத்தை மட்டுமே நாடிப் படிப்பவர் இவ்வேட்டின் பெரும்பகுதியைக் காணாது கடந்துவிடுவர்.

வெகுளி மட்டும் ஓரிடத்தில் வெளிப்படையாக நிற்கின்றது. செப்டம்பர் 4-ஆம் நாட் பதிவில் விடிகோம், பகைக்கலம் கோணமானியும் காலமானியும் கூடுதல் நீரும் பழத்தகரங்களும் புண்பட்டோர்க்கு மதுவும் எடுத்துக்கொள்ள இடந்தரவில்லை என்றும், சான்று எஞ்சாதவாறு படகுகள் அனைத்தையும் அழிக்க எண்ணியது என்றும் குற்றம் சாட்டுகின்றார். இதுவும் ஒரு பட்டியலே என்பதனை நோக்குக. டென்னி இல்லாதவற்றை எண்ணி அடுத்தவர்க்கு அறிவுரை ஆக்கினார்; விடிகோம் இல்லாதவற்றை எண்ணிப் பகைவர் மேல் வழக்கு ஆக்கினார். ஒரே குறைபாடு இரண்டு கைகளில் இரண்டு உரையாயிற்று. ஒன்று அருளின் வழியது. மற்றொன்று நீதியின் வழியது. அடக்கமாகச் சென்ற ஏட்டிற்கு இவ்வெகுளி ஓர் இழுக்கு என்று கூறுவாரும் உளராகலாம். அது பொருந்தாது. போரினால் உடைந்த கலத்திற்கும் புயலினால் உடைந்த கலத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்வொரு பதிவினாலேயே ஏட்டினுள் நிலைபெறுகின்றது. காற்றின்மேல் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை.

அவ்வழக்கு கேட்கப்பெற்றது என்பதும் வரலாறு. 1947-இல் ஆம்பர்க்கில் பிரித்தானியப் படை நீதிமன்றம் விட்டரின் தலைவர் உருக்டெசலை விசாரித்தது. ஆங்கிலோ-சாக்சன் கப்பலில் உயிர் தப்பியோரின் பாதுகாப்புக்கு வழி செய்யாமை அவர்மேல் மெய்ப்பிக்கப்பெற்ற குற்றங்களுள் ஒன்று. தாப்சுகாட்டின் சாட்சியம் அவ்வழக்கில் இடம்பெற்றது.

5. சாதுவன் கதை

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையிற் சாதுவன் வரலாறு கூறப்பெறுகின்றது. பொருளிழந்த சாதுவன் வணிகரோடு கலமேறுகின்றான். இரவில் காற்று அலைக்கக் கலம் உடைகின்றது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்குகின்றான். வேறு வழியில் தப்பிவந்தோர் அவன் இறந்தான் என்றே ஊரில் உரைக்க, ஆதிரை தீப்புகத் துணிகின்றாள். தீ அவளைச் சுடாது ஒழிகின்றது.

கடலிற் சாதுவன் பட்ட துன்பத்தைச் சாத்தனார் விரித்துரைக்கவில்லை. நாட்கணக்கும் நீர்க்கணக்கும் அங்கு இல்லை. காப்பியத்தின் நோக்கம் கரை சேர்ந்த பின் நிகழ்வதன் மேலது. குறிப்பேட்டிலோ கரை சேர்ந்த பின் நிகழ்ந்தது ஒன்றும் இல்லை, கடல்நாள்களே உள. காப்பியம் விட்ட இடத்தைக் குறிப்பேடு நிரப்புகின்றது. குறிப்பேடு எட்டாத இடத்தைக் காப்பியம் காட்டுகின்றது.

இரண்டும் ஒன்றுகூடும் இடம் யாது எனின், கூறுவோம். மரநிழலில் துயின்ற சாதுவனை உண்ணவந்த நாகரோடு அவன் அவர் மொழியிலேயே பேசுகின்றான். அவர் தலைவனுக்கு அறம் உரைக்கின்றான். அவ்வறவுரையில் அவன் வேண்டுவனவற்றுள் ஒன்று, கலம் உடைந்து உயிர் பிழைத்து அக்கரையை அடைவோரைக் கொல்லாது விடுக என்பது. தனக்கு நேர்ந்த இடர் தீர்ந்த அப்பொழுதே அவன் நினைவு, இனிக் கலமுடைந்து அவண் வரப்போகும் முகமறியாதோர் மேற் செல்கின்றது. தலைவன் அவனுக்கு ஈந்த பொருள்களோ, முன்னர் அங்ஙனம் வந்து உணவாகி அழிந்தோர் விட்டுச்சென்றவை. முன்னையோர்க்கு உரைப்பார் இலராயினர். பின்னையோர்க்குச் சாதுவன் உரைத்தான்.

டென்னியின் அறிவுரைப் பட்டியலும் இதுவே. தோழர் ஒருவரைக் கடலுக்கு அளித்த மறுநாள், தம் முடிவும் அணித்தாகிய நிலையில், அவர் எழுதக் கையிலெடுத்த பொருள் அடுத்த படகில் வைக்கவேண்டிய நீர்ப் பீப்பாய்.

6. பெறாதவனது ஆற்றுப்படை

இவ்வுரைக்குத் தமிழ் மரபில் ஒரு பெயர் கொடுக்க வேண்டுமாயின், ஆற்றுப்படை என்னும் பெயர் பொருந்தும். பெற்றவன் ஒருவன் பெறாதவனை வழியிற் கண்டு, தான் பெற்ற பெருவளத்தைக் கூறி, அவனையும் அங்குச் சென்று பயனெய்துமாறு செலுத்துதல் ஆற்றுப்படையின் இலக்கணம். டென்னி பெற்றவர் அல்லர். நீரையும் பெறவில்லை, கரையையும் பெறவில்லை. தாம் பெறாதவற்றை நிரலே கூறி, பின்வருவோர் பெறுமாறு வழி செய்கின்றார். ஆதலின் இதனைப் பெறாதவனது ஆற்றுப்படை என்று யாம் கூறுகின்றோம். பாணனும் பொருநனும் வழியில் எதிர்ப்பட்டோரிடம் பேசினர். இவர் என்றும் எதிர்ப்படாதவரிடம் பேசுகின்றார்.

ஈண்டு இலக்கண நுட்பம் ஒன்றும் கருதற்பாலது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றே. கேட்போரை விலக்கி நிற்கும் யாம், கேட்போரை உளப்படுத்தும் நாம் என்னும் வேறுபாடு பழந்தமிழிற் பேணப்பட்டது. குறிப்பேட்டைத் தமிழாக்குவார் எச்சொல்லை ஆள்வது என்னும் ஐயம் எழும். படகின் நாட்செய்திகளுக்கு யாம் என்பதே தகும். அவ்வெழுவர்க்கு வெளியே எவரும் அதில் இல்லை. அந்த யாம் ஏழாய்த் தொடங்கி ஆறாய், ஐந்தாய், மூன்றாய், இரண்டாய்க் குறைந்து செல்வதே ஏட்டின் அவலம். அறிவுரைப் பட்டியலிலோ, கடலிற் செல்வோர் அனைவரையும் உளப்படுத்தும் நாம் என்னும் குரல் கேட்கின்றது. சுருங்கிவரும் யாம் என்பதனுள்ளிருந்து விரிந்ததொரு நாம் பிறத்தலே இச்சிற்றேட்டின் இலக்கியப் பேறு.

7. பிறர் உரைத்தவை

கரை சேர்ந்த இருவரிடமும் கேட்டறிந்து கை பியர்சு சோன்சு என்னும் எழுத்தாளர் எழுதிய நூல் 1941-இல் வெளிவந்தது. ஏட்டில் இல்லாத பல செய்திகளை அந்நூல் கூறும். இருவரும் சாவதற்கெனக் கடலுள் இறங்கி மீண்டும் படகேறினர், திசைகாட்டியில் இருந்த சாராயத்தைக் குடித்தனர், கடற்பாசியையும் உண்டனர். இவை கற்போர் நெஞ்சை ஈர்ப்பன என்பதில் ஐயமில்லை. எனினும் அந்நூல் கதையை எழுபதாம் நாளின் பக்கம் நின்று கூறுகின்றது; முடிவு அறிந்தவர் உரை அது. குறிப்பேடோ ஒவ்வொரு நாளும் மறுநாளை அறியாது எழுதப்பெற்றது. செப்டம்பர் 24-இல் எழுதப்பெற்ற நம்பிக்கைச் சொல்லின் எடை, அக்டோபர் 30 வரும் என்று அறிந்தவர்க்கு ஒருவாறும், அறியாதவர்க்கு வேறொருவாறும் ஆகும். அறியாமையின் இவ்வெடையைப் பின்னர் எழுதுவோர் மீட்டல் இயலாது.

எழுத்தே இல்லாத உடைகலத்தாரும் உளர். பென்லோமண்டு என்னும் பிரித்தானியக் கப்பல் 1942 நவம்பர் 23-இல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பெற்றது. அதில் பணியாளராயிருந்த ஐனான் தீவினராகிய பூன் லிம் என்னும் சீனர், மரமிதவை ஒன்றில் தனியராய் 133 நாள் மிதந்து, 1943 ஏப்பிரல் 5-இல் பிரேசில் கடற்கரை அருகே மீனவரால் மீட்கப்பெற்றார். நாள்களைக் கயிற்றில் முடிச்சிட்டு எண்ணினார். கைவிளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில் செய்தார். அக்கயிறே அவருடைய குறிப்பேடு. மீண்ட பின்னர்த் தாம் மிதவையில் வாழ்ந்த முறையை அமெரிக்கக் கடற்படையினர்க்குச் செய்துகாட்டினார். மொழியும் நாடும் தொழில்நிலையும் வேறாகிய இவர்மாட்டும், பட்ட துன்பம் அடுத்தவர்க்கு வழிகாட்டலாய் மாறுதலைக் காண்கின்றோம்.

8. மறுப்பும் விடையும்

தேவைப் பட்டியலை இலக்கியம் என்று போற்றுதல் மிகைபடக் கூறலன்றோ என்பார்க்கு ஒரு சொல். அப்பட்டியலைத் தனியே பிரித்தெடுத்தால் அது கப்பற் பண்டசாலைக் கணக்கே. அதன் முன்னே பில்ச்சரின் இறப்பும் பின்னே எழுதுவோர் கை மாறுதலும் நிற்கின்றன. இவ்விடத்தாற் பெறும் பொருளே எம்மால் ஈண்டு ஆராயப்பெற்றது. பிறர் சாத்துயரைச் சுவையாகக் கொண்டு மகிழ்தல் தகுமோ என்பது இரண்டாவது தடை. இத்தடை வலிமையுடையது, திறனாய்வாளர் எளிதில் தள்ளிவிடத்தக்கது அன்று. இதற்கு விடை, ஏடு எந்நோக்கில் எழுதப்பெற்றதோ அந்நோக்கிலேயே அதனைப் படித்தல் ஆகும். டென்னி தம் துயரைக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. அவர் கேட்டது இரக்கமன்று. இரண்டு பீப்பாய் நீர். அவ்வேண்டுகோளை விடுத்துத் துயரை மட்டும் எடுத்துச் சுவைப்பவரே பிழை செய்வோர்.

9. முடிபு

கரை சேர்ந்த இருவருள் விடிகோமின் வாழ்வு அதன்பின் நீளவில்லை. 1941 பிப்பிரவரியில் அவர் தாயகம் திரும்பிய சயாமிசு பிரின்சு என்னும் கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலால் மூழ்கியது. அதில் எவரும் பிழைக்கவில்லை. தாப்சுகாட் 1963-இல் மறைந்தார். அச்சிறுபடகு நெடுங்காலம் அமெரிக்க நாட்டு மிசுடிக்குத் துறையின் கடல் அருங்காட்சியகத்தில் இருந்து, 1990-களின் இறுதியில் இலண்டன் போர் அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. உடைகலத்தார் எழுத்து, பெருமிதத்தினும் கையாறு, நடுக்கு முதலிய சிறு மெய்ப்பாடுகளில் நிலைகொண்டது என்பது ஒன்று. போரினால் உடைந்த கலத்தார் உரையில் அடுத்தவர்க்குக் கூறும் அறிவுரையும் பகைவர் மேல் தொடுக்கும் வழக்கும் ஒரே குறைபாட்டினின்றும் பிறக்கின்றன என்பது மற்றொன்று. பிழைத்தலை மட்டும் அளவாகக் கொண்டு இவ்வெழுத்துகளை மதித்தல் கூடாது என்பது மூன்றாவது. பிழைத்த சாதுவனும் பிழையாத டென்னியும், தமக்குப்பின் கலமுடைந்து வருவோரை நினைந்து பேசினர். சாதுவன் வேண்டுகோளைக் கேட்க நாகர் தலைவன் எதிரே இருந்தான். டென்னி எழுதியபோது அவர் எதிரே இருந்தது கடல் ஒன்றே. அவர் எழுத்தோ அப்படகில் இருந்தபடியே கரை சேர்ந்தது.